ஃபைட்டர் மீனுக்கு நோய் வந்தால்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான முழு வழிகாட்டி

நேற்று வரை கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துச் செவுளை விரித்து நின்ற ஃபைட்டர், இன்று காலை துடுப்பெல்லாம் உடம்போடு ஒட்டிக்கிடக்க, தொட்டி மூலையில் சாய்ந்து கிடக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். கடைக்கு ஓடி நீல மருந்தோ மஞ்சள் மருந்தோ வாங்கி வந்து "பத்து சொட்டு" விடுகிறார்கள். மறுநாள் மீன் இன்னும் மோசமாகிறது, உடனே இன்னொரு மருந்து. மூன்றாம் நாள் மீன் செத்துவிட்டால் பழி நோயின் மேல் விழுகிறது.

மருந்து தவறில்லை, வரிசைதான் தவறு. ஃபைட்டருக்கு வரும் நோய்களில் பெரும்பகுதி தண்ணீரில் தொடங்குகிறது. தண்ணீரைச் சரிசெய்யாமல் ஊற்றும் மருந்து, ஏற்கெனவே மூச்சுத் திணறும் மீனுக்கு இன்னொரு சுமைதான். அதனால் இந்த வழிகாட்டியும் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறது.

நம் ஊர்த் தண்ணீர் என்ன செய்கிறது

தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் மீன் தொட்டிக்குப் போவது பெரும்பாலும் மூன்று வகைத் தண்ணீர்: போர் தண்ணீர், குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர், கேன் தண்ணீர். மூன்றுக்கும் மூன்று விதக் கோளாறு உண்டு.

போர் தண்ணீர் இங்கே பல இடங்களில் கடினத் தண்ணீர். பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். இதன் பி.ஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், 7 நடுநிலை) பெரும்பாலும் 7.5க்கு மேல் இருக்கும். ஃபைட்டர் இதற்குப் பழகிவிடும், கடினத்தன்மை மட்டும் அதைக் கொல்லாது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் நிற்கும். ஒன்று அவ்வளவு கேடில்லாதது, இன்னொன்று செவுளை எரிப்பது. 28 டிகிரியில் பி.ஹெச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். பி.ஹெச் 8 ஆனால் அது சுமார் 6 முதல் 7 சதவீதம். அதே அழுக்கு, அதே அளவு, விஷம் மட்டும் ஏறக்குறைய பத்து மடங்கு. சென்னைக் கடையில் நன்றாக இருந்த மீன் இங்கே வந்து ஒரு வாரத்தில் சுருண்டுவிட இதுவும் ஒரு காரணம். நம் பகுதி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் பலர் பழியை அதன் மேல் போடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அம்மோனியா.

2013ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் காவிரித் தண்ணீர். போர் தண்ணீரைவிட மென்மையானது, ஃபைட்டருக்கு நல்லது. ஆனால் குளோரின் கலந்து வருகிறது. மேல்நிலைத் தொட்டி கழுவிய நாளில் ப்ளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாகவே இருக்கும். வாயகன்ற வாளியில் பிடித்து, ஏரேட்டர் (காற்றுக் குமிழி விடும் மோட்டார்) போட்டு, 24 மணி நேரம் வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தை அதன் லேபிள் அளவில் விட்டால் சில நிமிடங்களில் வேலை முடியும்.

கேன் தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீர். சுத்தம்தான், ஆனால் தாது உப்பு ஏறக்குறைய இல்லை. முழுக்கக் கேன் தண்ணீரில் ஓடும் தொட்டியில் சில வாரங்களில் பி.ஹெச் 6க்குக் கீழே சரியும். அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியாவும் அதோடு சோர்ந்துவிடும். போர் தண்ணீர் மிகக் கடினமாக இருந்தால் இரண்டு பங்கு கேன் தண்ணீரும் ஒரு பங்கு போர் தண்ணீரும் கலந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே போர் தண்ணீரில் பல மாதம் நன்றாக இருக்கும் மீனுக்கு இதெல்லாம் தேவையில்லை. நிலையான தண்ணீர்தான் முக்கியம்.

சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். காகிதப் பட்டையைவிட இது நம்பகமானது. பார்க்க வேண்டிய அளவுகள்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் அதிகபட்சம் 20 முதல் 40 பி.பி.எம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பி.ஹெச் 6.5 முதல் 8 வரை நிலையாக, வெப்பம் 25 முதல் 28 டிகிரி. நல்ல பாக்டீரியா அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது.

முதல் ஒரு மணி நேரம்

மீன் சோர்ந்திருப்பதைக் கண்டதும் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

1. தொட்டி விளக்கை அணையுங்கள். இன்றைக்குத் தீனி வேண்டாம்.

2. வெப்பத்தைப் பாருங்கள். கையை விட்டுப் பார்ப்பது கணக்கில்லை, வெப்பமானி வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஹீட்டர் இல்லாத தொட்டி விடியற்காலையில் 20 டிகிரிக்குக் கீழே போய்விடும். அந்தக் குளிரில் மீன் அசையாமல் கிடக்கும், தின்னாது, நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். பாதி "நோய்கள்" ஹீட்டர் போட்டு இரண்டு நாளில் 26 டிகிரிக்குக் கொண்டுவந்தால் தானே போய்விடும்.

3. அம்மோனியா, நைட்ரைட், பி.ஹெச் மூன்றையும் சோதியுங்கள்.

4. அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.25க்கு மேல் காட்டினால் 40 முதல் 50 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் இல்லாமலும், வெப்பத்தில் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமலும் இருக்க வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பி.ஹெச் 6 அளவுக்கு இறங்கியிருந்து, உங்கள் போர் தண்ணீர் 8 என்றால், ஒரேயடியாகப் பாதியை மாற்றக்கூடாது. பி.ஹெச் திடீரென ஏறி, அதுவரை சாதுவாக இருந்த அம்மோனியா நச்சு வடிவத்துக்கு மாறும். "தண்ணி மாத்தினேன், செத்துப்போச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். இந்த நிலையில் முதலில் கேன் தண்ணீரை அதிகமாகக் கலந்து, நாளுக்கு 15 முதல் 20 சதவீதமாக நான்கைந்து நாள் மாற்றுங்கள்.

5. அக்கம்பக்கம் பாருங்கள். அறையில் கொசுவர்த்தியோ திரவக் கொசுவிரட்டியோ ஓடுகிறதா? தெருவில் கொசுப் புகை அடித்தார்களா? பக்கத்து மாந்தோப்பில் மருந்து தெளித்தார்களா? கொசுவிரட்டிகளில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். மீன் திடீரெனத் துள்ளிச் சுழன்று, பிறகு மல்லாந்தால் இதைச் சந்தேகியுங்கள். தண்ணீரில் பாதியை மாற்றி, ஏரேட்டர் குழாயின் காற்று சுத்தமான அறையிலிருந்து வரும்படி செய்யுங்கள்.

6. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நோய் கூடுகிறதா குறைகிறதா என்பதை நினைவை நம்பிச் சொல்ல முடியாது.

சிகிச்சைத் தொட்டி

மருந்தை ஒருபோதும் மெயின் தொட்டியில் ஊற்றாதீர்கள். மெத்திலீன் ப்ளூ ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று, கண்ணாடி ஒட்டிய சிலிகானையும் நீலமாக்கும். உப்பு செடிகளைக் கருக்கும்.

10 முதல் 12 லிட்டர் பிடிக்கும் வெளிர் நிறப் பிளாஸ்டிக் டப் போதும். மூடியில் ஆணியால் பத்துப் பதினைந்து துளை போடுங்கள். மூடி கட்டாயம், ஃபைட்டர் தாவும். அதோடு, இந்த மீன் செவுளால் மட்டுமல்ல, தலைக்குள் இருக்கும் லாபிரிந்த் என்ற உறுப்பால் மேலே வந்து காற்றையும் இழுக்கிறது. குளிர்காலத்தில் மூடி இருந்தால்தான் தண்ணீருக்கு மேலிருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். ஆழம் 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம், நோயுற்ற மீன் மேலே வரச் சிரமப்படும். அடியில் மணல், கல் எதுவும் வேண்டாம். 25 வாட் ஹீட்டர், மெதுவாக விட்ட ஏரேட்டர், சாய்ந்து படுக்க மேல்மட்டத்துக்கு அருகே ஒரு துணிச்செடி, இவ்வளவுதான். ஃபில்டர் இல்லாததால் தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும்.

தண்ணீரின் அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். லிட்டர் குறித்த பாட்டிலால் அளந்து ஊற்றி, டப்பின் வெளியே மார்க்கரால் 5 லிட்டர், 10 லிட்டர் கோடு போட்டுவிடுங்கள். கண்ணாடித் தொட்டி என்றால் நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 30 × 20 × 17 என்றால் 10.2 லிட்டர். அடியில் மணல் இருந்தால் அதன் உயரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு உப்பு, இரண்டு வேலை

கல்லுப்பும் எப்சம் உப்பும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. இதைக் குழப்பிக்கொண்டதால் போன மீன்கள் ஏராளம்.

கல்லுப்பு, அதாவது சமையலறை சோடியம் குளோரைடு, வெளியிலிருந்து வரும் ஒட்டுண்ணி, பூஞ்சை, துடுப்பு அழுகலுக்கு. எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், உடம்பு வீக்கம், மலச்சிக்கல், கண் பிதுக்கத்துக்கு. வீங்கிய மீனுக்குக் கல்லுப்பு போடக்கூடாது. எப்சம் உப்பை மருந்துக் கடையிலேயே வாங்குங்கள், உரக்கடையில் விற்பது அவ்வளவு சுத்தமாக இருக்காது. கல்லுப்பில் அயோடின் சேர்த்திருந்தால் பரவாயில்லை, நாம் போடும் அளவில் அது மீனைத் தொடாது. இந்துப்பு, கறுப்பு உப்பு வேண்டாம்.

ஸ்பூன் கணக்கு கல்லுப்புக்குச் சரிவராது. கல் பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து ஒரு ஸ்பூன் எடையே மாறும். சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மருந்துப் பாட்டில்களைவிட அதிகம் உதவும்.

போடும் முறை இது. 10 லிட்டருக்கு முதல் தவணை 10 கிராம். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, மீனுக்கு எதிர்ப்பக்கம் மெதுவாக ஊற்றுங்கள். 12 மணி நேரம் கழித்து அடுத்த 10 கிராம், இன்னும் 12 மணி நேரத்தில் மூன்றாவது 10 கிராம். இப்போது லிட்டருக்கு 3 கிராம். இதற்கு மேல் வேண்டாம், 10 நாளுக்கு மேலும் வேண்டாம். வெள்ளைப்புள்ளி மட்டும் விலக்கு, அதற்கான நாள் கணக்கு கீழே வருகிறது. இடையில் மீன் நிலைதடுமாறினால் அந்தத் தவணையோடு நிறுத்துங்கள்.

உப்பு ஆவியாகாது. வற்றிய தண்ணீரை ஈடுகட்ட வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். 5 லிட்டர் எடுத்துப் புதிதாக 5 லிட்டர் ஊற்றும்போது மட்டும் அந்த 5 லிட்டருக்கான 15 கிராமைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 30 கிராம் போட்டால் நான்காம் நாள் லிட்டருக்கு 6 கிராமை நெருங்கிவிடும். சிகிச்சை முடிந்ததும் ஒரேயடியாக உப்பில்லாத தண்ணீருக்கு மாற்றாமல், மூன்று நாளில் படிப்படியாகக் குறையுங்கள்.

துடுப்பு அழுகல்

ஃபைட்டருக்கு அதிகம் வருவது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். வால் கிழிந்திருப்பதெல்லாம் அழுகல் அல்ல. வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்தி வால் விளிம்பைப் பாருங்கள். கடித்ததுபோல ஒரு துண்டு இரவோடிரவாகக் காணாமல் போய், விளிம்பு சுத்தமாக, அதே நிறத்தில் இருந்தால் மீன் தன் வாலைத் தானே கடித்திருக்கிறது. நீண்ட வால் உள்ள ஹாஃப்மூன் வகைகளில் இது சகஜம், ஃபில்டர் வேகம் அதிகமாக இருந்தால் இன்னும் கூடும். நேர்க்கோடாகக் கிழிந்திருந்தால் பிளாஸ்டிக் செடியிலோ கூரான கல்லிலோ மாட்டியிருக்கும். அழுகல் என்றால் விளிம்பு கறுத்தோ சிவந்தோ வெண்மையாகப் பொசுங்கியோ இருக்கும், நாளுக்கு நாள் உடம்பை நோக்கி நகரும்.

விளிம்பு மட்டும் பாதித்திருந்தால் மருந்தே வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெயின் தொட்டியிலேயே இரண்டு நாளுக்கு ஒருமுறை 30 சதவீதத் தண்ணீர் மாற்றம், வெப்பம் 26 டிகிரி, பாதி வாதாம் இலை. இரண்டு வாரம் பொறுங்கள். ஆறும் துடுப்பின் ஓரத்தில் நிறமே இல்லாத, கண்ணாடிபோல மெல்லிய ஜவ்வு ஒன்று வளரும். அதைப் பார்த்து "வெள்ளையா மாறுது" என்று பயந்து மருந்து ஊற்றிவிடுகிறார்கள். அது புதுத் துடுப்பு. நிறம் பிறகு வரும்.

வாலில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால் சிகிச்சைத் தொட்டி, லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு, 7 முதல் 10 நாள், தினமும் பாதித் தண்ணீர் மாற்றம். அப்போதும் நகர்ந்துகொண்டே வந்து உடம்பைத் தொட்டால் ஆன்டிபயாடிக் தேவை. அதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பொடித்துப் போடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. கடினமான போர் தண்ணீரில் அதனால் பயன் இல்லை. கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும். தண்ணீர் பழுப்பாவதும், மேலே நுரை கட்டுவதும், ஃபில்டர் கெடுவதும்தான் மிச்சம்.

வாதாம் இலை பற்றி ஒரு வார்த்தை. பள்ளி வளாகங்களில் நிற்கும் வாதாங்கொட்டை மரத்தடியில் தானே உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலையை எடுங்கள். சாலையோர மரம் வேண்டாம், புகையும் தூசியும் படிந்திருக்கும். கழுவி, ஒரு நாள் ஊறவைத்து, 10 லிட்டருக்குப் பாதி இலை. மூன்று வாரத்தில் மாற்றுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும், மீன் அமைதியாகும். கடினத் தண்ணீரில் இது பி.ஹெச்சைக் குறைக்காது, முற்றிய நோயையும் தீர்க்காது. துணை மருந்து மட்டுமே.

வெள்ளைப்புள்ளி

உடம்பிலும் துடுப்பிலும் தூள் உப்பு தூவியதுபோலத் தனித்தனி வெள்ளைப் புள்ளிகள். மீன் கல்லிலும் இலையிலும் உடம்பை உரசும். இது இக் என்ற ஒட்டுண்ணி. இதன் வாழ்க்கைச் சுற்று தெரியாமல் இதை ஒழிக்க முடியாது.

நாம் பார்க்கும் புள்ளி, தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்னும் பருவம். அப்போது எந்த மருந்தும் அதை எட்டாது. கொழுத்ததும் உதிர்ந்து அடியில் ஒட்டிக்கொண்டு உறை கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகும். அப்போதும் மருந்து எட்டாது. உறை உடைந்து குஞ்சுகள் புதிய மீனைத் தேடி நீந்தும் இரண்டு நாளில்தான் உப்பும் மருந்தும் அவற்றைக் கொல்லும். அதனால்தான் மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் மருந்தை நிறுத்துபவர்களுக்கு, அடுத்த வாரம் இரண்டு மடங்கு புள்ளிகள் தெரிகின்றன. மறைந்தது குணமல்ல, உதிர்ந்தது.

வெப்பத்தை ஏற்றினால் இந்தச் சுற்று வேகமாக ஓடும், மருந்து எட்டும் பருவம் சீக்கிரம் வரும். 6 மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 30க்குக் கொண்டுபோங்கள். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும் என்பதால் ஏரேட்டர் நிற்கக்கூடாது. கல்லுப்பை மேலே சொன்ன தவணையில் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது 7 நாள், மொத்தம் 14 நாளாவது தொடருங்கள். தினமும் தண்ணீர் மாற்றும்போது டப்பின் அடியைத் துடைத்து உறிஞ்சி எடுங்கள், உறை கட்டியவை அங்கேதான் இருக்கும். ஏப்ரல், மே மாதத் தர்மபுரியில் தண்ணீர் தானே 30ஐத் தொடும். ஓசூர்க் குளிரில் ஹீட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள், குளிர்ந்த தண்ணீரில் இதே சுற்று நெடுநாள் இழுக்கும்.

மெயின் தொட்டியில் வேறு மீன் இல்லாமல் 28 டிகிரியில் 10 நாள் காலியாக விட்டால், தொற்ற இடமின்றி ஒட்டுண்ணி அங்கேயே அழியும். ஃபில்டர் ஓடட்டும், பாக்டீரியாவுக்குத் தீனியாக நாளுக்கு இரண்டு குருணைத் தீனி போடுங்கள்.

தங்கத் தூள் நோய்

வெல்வெட் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். வெள்ளைப்புள்ளியைவிடச் சீக்கிரம் கொல்லும், கண்ணுக்கு எளிதில் படாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தொட்டிக்கு மேலிருந்து சாய்வாக, மீனின் தலைக்குப் பின்புறம் அடியுங்கள். செவுள் மூடியிலிருந்து முதுகுத் துடுப்பு வரை மஞ்சள் தூள் பூசினாற்போல, மெல்லிய துருப்பொடி மினுங்கினால் அதுதான். புள்ளி புள்ளியாகப் பிரித்து எண்ண முடிந்தால் வெள்ளைப்புள்ளி, எண்ண முடியாத பொடி என்றால் வெல்வெட். சிவப்பு, நீல மீன்களின் இயல்பான பளபளப்பு ஒளியின் கோணத்துக்கு ஏற்ப மாறும். இந்தத் தூள் எந்தக் கோணத்திலும் தூளாகவே தெரியும்.

இந்த ஒட்டுண்ணி ஒளியிலிருந்தும் உணவு தயாரிக்கக்கூடியது. எனவே டப்பைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, தீனி நேரம் தவிர இருட்டில் வையுங்கள். 28 முதல் 29 டிகிரி, லிட்டருக்கு 3 கிராம் உப்பு, இவற்றோடு அக்ரிஃப்ளேவின் மருந்து லேபிள் அளவில், 10 நாள். தாமிரம் சேர்ந்த மருந்தும் வேலை செய்யும், ஆனால் கேன் தண்ணீர் போன்ற மென்மையான தண்ணீரில் தாமிரத்தின் நச்சு கூடும். நத்தை, இறால் அதில் பிழைக்காது.

பஞ்சு போல இருப்பது பூஞ்சையா?

இங்கேதான் உயிர் போகும் தவறு நடக்கிறது. இரண்டு நோய்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், சிகிச்சையோ வேறு வேறு.

உண்மையான பூஞ்சை, ஏற்கெனவே இருக்கும் காயத்தின் மேல் பஞ்சு போல நீண்ட இழைகளாக வளரும், தண்ணீரில் அசையும். மெதுவாகப் பரவும். மெத்திலீன் ப்ளூ இதற்கு நல்லது. பாட்டிலில் 1 சதவீதம் என்று போட்டிருந்தால் 1 மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டும் என்பதால் 10 லிட்டருக்கு 2 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். சதவீதம் எழுதாத பாட்டிலை வாங்கவே வேண்டாம். 5 நாள், மாற்றிய தண்ணீருக்கு மட்டும் மருந்தை ஈடுகட்டுங்கள்.

இன்னொன்று காலம்னாரிஸ், இது பாக்டீரியா நோய். வாயைச் சுற்றிச் சாம்பல் வெள்ளைப் பூச்சு, அல்லது முதுகின் குறுக்கே சேணம் போட்டதுபோல வெளிறிய பட்டை. இழைகள் குட்டையாக, உடம்போடு ஒட்டியிருக்கும். நேற்று இல்லாதது இன்று பாதி முதுகைப் பிடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். இதற்கு வெப்பத்தை ஏற்றினால் ஓரிரு நாளில் மீன் போய்விடும், இந்தப் பாக்டீரியாவுக்குச் சூடு பிடிக்கும். மெதுவாக 24 டிகிரிக்கு இறக்குங்கள். கோடையில் டப்பின் மேல்பரப்பில் சிறு மின்விசிறிக் காற்று படவைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஐஸ் போடாதீர்கள். லிட்டருக்கு 3 கிராம் உப்பு, தினம் பாதித் தண்ணீர் மாற்றம், அன்றே கால்நடை மருத்துவரிடம் ஆன்டிபயாடிக் யோசனை. "மீனுக்கெல்லாமா?" என்று யாராவது கேட்டால் கூச்சப்படாதீர்கள். படத்தைக் காட்டுங்கள்.

வீக்கம், மிதத்தல், கண் பிதுக்கம்

மீன் பக்கவாட்டில் மிதக்கிறது, அல்லது அடியிலிருந்து எழ முடியவில்லை, வயிறு உப்பியிருக்கிறது. பெரும்பாலும் காரணம் தீனி. ஃபைட்டருக்கு ஒரு வேளைக்கு மூன்று நான்கு குருணை போதும், நாளுக்கு இரு வேளை, வாரம் ஒரு நாள் பட்டினி. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் தனித்தனியாகப் போடுகிறார்கள், கோளாறு அங்கேதான். பெண் மீன் என்றால் வயிற்றுக்குக் கீழே சிறு வெள்ளைப் புள்ளி துருத்தியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த உப்பல் முட்டையாக இருக்கலாம்.

மூன்று நாள் முழுப் பட்டினி. வளர்ந்த ஃபைட்டர் ஒரு வாரம்கூடத் தாங்கும். தண்ணீர் ஆழம் 10 செ.மீ., வெப்பம் 27 டிகிரி, எப்சம் உப்பு லிட்டருக்கு 1 கிராம், 3 முதல் 5 நாள். நான்காம் நாள் டாஃப்னியா (தண்ணீரில் வாழும் மிகச் சிறிய ஓட்டு உயிரி) கிடைத்தால் கொடுங்கள், அதன் ஓடு குடலைச் சுத்தம் செய்யும். பச்சைப் பட்டாணி கொடுக்கச் சொல்வார்கள். பூச்சி தின்னும் மீனுக்குப் பட்டாணி நல்ல உணவல்ல, டாஃப்னியா கிடைக்காதபோது தோல் நீக்கிய ஒரு துணுக்கு போதும். சாக்கடையில் அள்ளி விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை நோயுற்ற மீனுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

ஒரு கண் மட்டும் பிதுங்கினால் பெரும்பாலும் அடிபட்டது. எப்சம் உப்பு லிட்டருக்கு 1 கிராம், சுத்தமான தண்ணீர், இரண்டு வாரப் பொறுமை. இரண்டு கண்ணும் பிதுங்கினால் உள்ளே பாக்டீரியா தொற்று இருக்கலாம், அடுத்து வரும் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

செதில் சிலிர்த்தால்

மேலிருந்து பாருங்கள். செதில்கள் படிந்திருக்காமல், சீத்தாப்பழத் தோல்போல ஒவ்வொன்றும் தூக்கி நின்றால் அது டிராப்ஸி. சிறுநீரகம் செயலிழந்து உடம்பில் நீர் கட்டிய நிலை. இதுவே ஒரு நோயல்ல, உள்ளே வேறொன்று முற்றியதன் அடையாளம். பிழைப்பது அரிது என்பதை நேராகவே சொல்லிவிட வேண்டும். செதில் லேசாகத் தூக்கிய முதல் நாளிலேயே எப்சம் உப்பு லிட்டருக்கு 1 கிராமும், மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாடிக்கும் தொடங்கினால் சில மீன்கள் தேறும். கல்லுப்பு கூடாது, உடம்பில் இன்னும் நீர் கட்டும்.

மாதக்கணக்கில் மெலிந்து, முதுகெலும்பு வளைந்து, ஆறாத புண்ணோடு இருக்கும் மீனுக்கு மைக்கோபாக்டீரியா தொற்று இருக்கலாம். இதற்கு வீட்டு மருந்து இல்லை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் மனிதத் தோலிலும் தொற்றும். கையுறை போடுங்கள். ட்யூபில் வாய் வைத்து உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தை எந்தத் தொட்டியிலும் விட்டுவிடுங்கள்.

மீன் ஒரு பக்கமாகக் கிடந்து, தின்னாமல், மூச்சுக்கு மட்டும் போராடிக்கொண்டிருந்தால் அதன் வேதனையை முடிப்பதும் நம் பொறுப்புதான். உயிரோடு கழிப்பறையில் விடுவதும், ஃப்ரீஸரில் வைப்பதும் கொடுமை. கிருஷ்ணகிரி அணையிலோ ஏரியிலோ விட்டால் நோயும் சேர்ந்து போகும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்தமான கிராம்பு எண்ணெய் ஒரு லிட்டருக்கு 0.4 மில்லி தேவை. மூடியுள்ள சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு பால்போல வெளுக்கும் வரை குலுக்குங்கள். மீன் இருக்கும் ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் முதலில் கால் பங்கை ஊற்றினால் சில நிமிடத்தில் மயங்கும். பிறகு மீதியை ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, பின் மண்ணில் ஆழப் புதையுங்கள்.

தொட்டியை மீண்டும் தயாராக்குதல்

வலை, ஹீட்டர், டப் எல்லாவற்றையும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். மைக்கோபாக்டீரியா சந்தேகம் இருந்தால் மணலையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. புது ஸ்பாஞ்சில் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அடுத்த மீனை வாங்காதீர்கள்.

புது மீன் கவரில் வரும்போது ஒரு எச்சரிக்கை. சென்னை கொளத்தூரிலிருந்து இங்கே வரும் பல மணி நேரத்தில் கவரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட கரியமில வாயு பி.ஹெச்சை இறக்கி வைத்திருப்பதால் அது கடிக்காமல் இருக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.ஹெச் ஏறும், அம்மோனியா நச்சாகும். ஆகவே கட்டிய கவரை அப்படியே 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். திறந்ததும் தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டு, கவர்த் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள்.